எழிலுக்கு ஒரு விகுதி

என் மகன் வந்திருக்கிறான். அபயாம்பாள் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் மறுபடியும் எழுதிப் பார்த்தாள். மகன் எழுவாய், வந்திருக்கிறான் பயனிலை, இரண்டும் ஒன்றுக்கொன்று இயைந்து நின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடத்தக்க வாக்கியம், குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. எழுதினால் நிற்கிறது, சொல்லப்போனால் மீன்முள்ளைப் போலத் தொண்டையில் குறுக்கே விழுகிறது. கழுவிவிட்ட நடைமேடை இன்னும் காயவில்லை, பினாயில் நெடி வீசிற்று. வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட்ட ஆடிக் காற்று, டீக்கடையின் காகிதக் கோப்பைகளை உருட்டிக்கொண்டு போய்த் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. மைசூர் வண்டி வர நேரம் இருந்தது. நேரம் இருக்கும்போதே வந்து உட்கார்ந்துவிடுவது அவளுடைய வழக்கம். இன்று அந்த வழக்கமே சலிப்பைத் தந்தது, முன்கூட்டி வந்தவளுக்கு நினைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த வண்டியில் வந்து இறங்கியது எழிலரசி, அவளுடைய ஒரே மகள். இப்போது வருவது எழில். ‘அரசியை வெட்டிட்டேன்மா, எழில் போதும்’ என்று போனில் கேட்டபோது அவள் திடுக்கிடக்கூட இல்லை, வீட்டில் எல்லோரும் எழில் என்றே கூப்பிட்டு வந்தார்கள், பெயர் தானாகவே பாதியாகித்தான் இருந்தது. தொடர்ந்து வந்ததுதான் இன்னும் காதிலேயே நிற்கிறது: ‘நான் பொண்ணு இல்லைம்மா. எப்பவுமே இருந்ததில்லை. உனக்குத்தான் தெரியாது, எனக்குத் தெரியும்.’ திருநம்பி என்ற சொல்லை அவள் அறியாதவள் அல்லள். செய்தித்தாளில் முதன்முதல் கண்டபோது, யார் ஆக்கினாரோ, சொல்லாக்கத் தெரிந்தவர் என்று மெச்சியும் இருக்கிறாள். மெச்சிய சொல்லைத் தன் வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து எழுதுவது வேறு வேலை என்பது பிறகுதான் விளங்கிற்று.

பொங்கலுக்கு நடந்ததை நினைக்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டே அவள் அதை நினைத்தாள். வாசலில் கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்து, ‘உள்ள யாரும்மா தம்பி? தாடியும் அதுவுமா, லட்சணமா இருக்கே’ என்றாள். முளைக்கீரைக் கட்டைக் கையில் வாங்கியபடியே, ‘தெரிஞ்சவங்க’ என்றாள் அபயாம்பாள். அவ்வளவு எளிதாக வந்தது. கூடத்தில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த எழிலின் விரல்கள் நின்றன. பிறகு முடிச்சைப் போட்டன. மறுநாள் போக வேண்டிய பயணம் அன்றைக்கே மாறிற்று, அலுவலகத்தில் அவசரம் என்று. அதன்பின் ஆடி பிறக்கும்வரை வரவில்லை; போன வாரம்தான் போன். ‘அம்மா, நாலு நாள் லீவு இருக்கு. வரலாம்னு இருக்கேன். ஆனா யாராவது என்னை யாருன்னு கேட்டா நீ என்ன சொல்லுவே? முடிவு பண்ணிட்டு என்னை வரச்சொல்லு. மறுபடியும் தெரிஞ்சவங்கன்னா, அந்த வீட்டுக்கு இனிமே வர எனக்குத் தெம்பு இல்லைம்மா.’ குரலில் மிரட்டல் இல்லை. மிரட்டல் இருந்திருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அவளைப் போலவே களைத்த குரல். ‘முடிவு பண்ணிட்டேன், கிளம்பி வா’ என்றாள். பண்ணவில்லை. இன்னும் பண்ணவில்லை. வண்டி எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கிறதோ.

கோபமாக இருந்திருந்தால் இந்நேரம் தீர்ந்திருக்கும்; வெட்கமாக இருந்திருந்தால் பழகிப் போயிருக்கும். இதுவோ, நாள்தோறும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தூக்கிச் சுமப்பதால் வரும் களைப்பு. நேருக்கு நேர் பேசும்போது தொல்லை இல்லை. வந்தேன் என்றால் ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். வந்தாய் என்றாலும் அப்படியே. நானும் நீயுமாக இருக்கிறவரை யார் என்ன என்று கேட்காத மொழி, மூன்றாம் ஆள் ஒருவர் காதைக் கொடுத்துக்கொண்டு வந்து நின்றதும் ‘ஆன்’ விகுதியா ‘ஆள்’ விகுதியா என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கும் அவள் வழி கண்டுவைத்திருந்தாள். எழிலுக்கு அங்கேயே வேலை. எழிலுக்கு உடம்பு பரவாயில்லை. எழிலிடமிருந்து போன் வந்தது. இப்படி வாக்கியத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனால் விகுதி வந்து வழிமறிக்காது. முடியாத இடத்தில் மரியாதைப் பன்மை இருக்கிறது: வர்றாங்க, சொன்னாங்க. பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கணவர் சட்டநாதன் இதைவிட எளிய வழியைப் பிடித்துக்கொண்டார். ‘புள்ள வருதாம். புள்ளைக்குப் புடிக்கும்னு வாழைக்காய் வாங்கி வச்சிருக்கேன்.’ வருது, தின்னுது, தூங்குது. பெற்ற பிள்ளையை அஃறிணையில் ஏற்றிவிட்டு அவர் நிம்மதியாகச் செய்தித்தாளை விரித்துக்கொள்கிறார். அதில் அன்பும் குறையவில்லை, இலக்கணமும் கெடவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சல். கொழுந்தனார் மகள் யாழினிக்கோ எந்த வழியும் தேவைப்படவில்லை. வாய் நிறைய முறுக்கோடு போன் திரையைப் பார்த்து, ‘அண்ணா, தாடி செமையா இருக்கு, மீசைதான் பத்தலை’ என்கிறாள். எழில் சொன்ன வருடம் தீபாவளிக்கு அக்கா, பொங்கலுக்கு அண்ணா. ‘உனக்கு நாக்குத் தடுக்கலையாடி?’ என்று சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள் அபயாம்பாள். ‘எதுக்குப் பெரியம்மா தடுக்கணும்? அண்ணாதான் சொல்லிட்டாங்கள்ல?’ என்றுவிட்டு அந்தப் பெண் அடுத்த முறுக்கை எடுத்துக்கொண்டாள். அந்த வயதுக்காரர்களுக்கு இது ஒருவர் போன் நம்பரை மாற்றிக்கொள்வதைப் போல. மாறிவிட்டது என்றால் புதியதைக் குறித்துக்கொள்வார்கள். அவளுக்கோ பழைய நம்பர் மனப்பாடம்.

‘அபயம் டீச்சர்தானே?’ என்ற குரல் கேட்டு நிமிர்ந்தாள். அவள் தமிழ்ப் பாடம் எடுத்த பள்ளியில் தையல் கற்பித்த புஷ்பவல்லி, கையில் ஒயர் கூடையோடு நின்றிருந்தாள். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தும்விட்டாள். ‘நல்லவேளை, பேச்சுத்துணைக்கு ஆள் கெடைச்சுது. எம்பொண்ணு வர்றா டீச்சர், தலை ஆடி. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம், அவளை மட்டும் ஏத்திவிட்டுட்டார். நீங்க யாரை அழைக்க?’ ‘எழிலுக்கு லீவு’ என்றாள் அபயாம்பாள். ‘அட, ஒரே வண்டியா! எப்படி இருக்கா? அந்தச் சுருட்டை முடி அப்படியே இருக்கா?’ ‘முடிக்கென்ன.’ ‘கல்யாணம்?’ ‘அதுக்கெல்லாம் நேரம் வரணும்.’ ‘என்ன டீச்சர் நேரம், நாமதான் புடிச்சுக் கட்டிவைக்கணும். இவளுக்கு மட்டும் என்ன, மாட்டேன் மாட்டேன்னுதான் நின்னா. ரெண்டு நாத்தனாரும் வந்து பாத்துட்டுப் போச்சு, அப்பவும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு...’ ‘போனாங்க’ என்றாள் அபயாம்பாள். புஷ்பவல்லி ஒரு கணம் விழித்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தாள். ‘ரிட்டையராகியும் திருத்தறதை விடலையா நீங்க! ஸ்டாஃப் ரூமுக்குள்ள நீங்க நுழைஞ்சாலே நாங்க வாயை மூடிக்குவோம், தெரியுமில்ல? அபயம் டீச்சர் காதுல விழுந்தா மார்க்கு போயிடும்னு ஹெட்மிஸ்ட்ரஸே சொல்லுவாங்க.’ அபயாம்பாளும் சிரித்துவைத்தாள். திருத்த வேண்டும் என்று எண்ணி அவள் திருத்தியதில்லை. பிசகிய விகுதி காதில் விழுந்தால் அரிசியில் கல் கடிபட்டதைப் போல ஆகிவிடும், நாக்கு தானாக அதைத் துப்பிவிடும். அந்த நாக்குதான் இத்தனை நாளும் தன் வீட்டு வாக்கியங்களில் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறது.

புஷ்பவல்லி கூடையை மடியில் வைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட ஆரம்பித்தாள். எழுந்து மறுகோடிக்குப் போய்விடலாமா? எழிலின் பெட்டி பின்னால்தான் நிற்கும். ஆனால் வெளியே போக மேம்பாலம் ஒன்றுதான், எல்லோரும் அந்தப் படிக்கட்டின் அடியில்தான் வந்து சேர வேண்டும், அங்கே இவள் நிற்பாள், இது யாரு என்று கேட்பாள். கேள்விக்கு அவள் அஞ்சவில்லை. தன் வாய் என்ன சொல்லும் என்பதற்குத்தான் அஞ்சினாள். கீரைக்காரம்மாவிடம் சொன்ன அந்தச் சொல் அவளுடையதுமல்ல, அப்பாவுடையது. அப்பாவின் அக்கா பங்கஜம் அத்தை, கடற்கரை ஊர் ஒன்றில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று தனியே வீடு எடுத்தவளோடு எஸ்தர் என்ற நர்ஸம்மா வந்து சேர்ந்தார். தலை நரைக்கும்வரை இருவரும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். ‘எஸ்தர் துணைக்கு இருக்காங்க’ என்பது குடும்பத்தின் வாக்கியம். துணை என்பதற்கு யாரும் பொருள் கேட்கவில்லை, கேளாதிருப்பது பெருந்தன்மை என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த வீட்டில் ஒரே கட்டில்தான் இருந்தது; விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அபயாம்பாள் அதில் ஏறிக் குதித்திருக்கிறாள், ஏன் ஒன்றுதான் என்று அவளுக்கும் தோன்றியதில்லை. அத்தை இறந்த அன்று உறவுக்காரப் பெண்கள் கூடத்தில் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். எஸ்தர் வாசல் கேட்டருகே நின்று அத்தையின் மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கத்துக்கு வந்த யாரோ, ‘இவங்க யாரு?’ என்றார்கள். ‘தெரிஞ்சவங்க’ என்றார் அப்பா. பகையோடு சொல்லவில்லை, அவரிடம் வேறு சொல் இல்லை. தெரிந்தவர் ஆகிவிட்டதால் எஸ்தரை ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு ஒரு முறை வேண்டாமா, அக்கா என்றோ அண்ணி என்றோ. துடைத்த கண்ணாடியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கேட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவிடம் சொல் இல்லை, அதனால் சொல்லவில்லை. தன்னிடம் சொல் இருக்கிறது, விகுதி இருக்கிறது, பிறருக்குக் கற்பித்த இலக்கணம் முழுவதும் இருக்கிறது. இருந்தும் கீரைக்கட்டோடு வாசலில் நின்றபோது வாயில் வந்தது அப்பாவின் சொல்தான். சொத்து எதுவும் வைக்காதவர் இதையாவது வைத்துவிட்டுப் போகாமல் இருந்திருக்கலாம்.

‘வண்டி பக்கத்துல வந்துடுச்சாம்’ என்றாள் புஷ்பவல்லி போனை மூடிக்கொண்டு. ‘டீச்சர், உங்க பொண்ணை நீங்க வாடா போடான்னுதானே கூப்பிடுவீங்க? ஸ்கூல் விட்டதும் கேட் பக்கத்துல நின்னு சீக்கிரம் வாடா கண்ணுன்னு சத்தம் போடுவீங்க, எந்தப் பையன் பொம்பளப்புள்ளைங்க ஸ்கூலுக்குள்ள பூந்துட்டான்னு புது வாட்ச்மேன் ஓடி வந்தானே, ஞாபகம் இருக்கா?’ இருந்தது. எல்லாம் ஞாபகம் இருந்தது. பால் வழுவமைதிக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல ஒவ்வொரு வருடமும் அவள் தன் வீட்டையே இழுப்பாள். மகளைப் பார்த்து வாடா கண்ணு என்று தாய் அழைக்கிறாள். பெண்ணை ஆணாகச் சொன்னது வழு. அன்பு மிகுந்து சொன்னதால் இலக்கணம் அதைப் பொறுத்துக்கொள்கிறது. பிழைதான், ஆனால் அமைதி கண்ட பிழை. வகுப்பு சிரிக்கும். எழிலும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு வருடத்தில், சன்னலோர இடத்திலிருந்து மட்டும் சிரிப்பு வரவில்லை. குனிந்த சுருட்டைத் தலைதான் தெரிந்தது. கூச்சம் என்று எண்ணிக்கொண்டாள். அந்தத் தலை அப்போது என்ன எழுதிக்கொண்டது, பிழை என்பதையா, அமைதி என்பதையா? இப்போது அவள் டா சொல்வதில்லை. சொல்வதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எழில் போனில் கேட்டுத்தான் தெரிந்தது. ‘பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தப்ப வாய் நிறைய டா போட்டே. நான் சொன்ன நாள்லேர்ந்து வா, போ, சாப்பிடு. மொட்டையா. ஏம்மா?’ ஏன்? வழு நீங்கியதும் அதற்குக் கிடைத்திருந்த அமைதியும் சேர்ந்து நீங்கிவிட்டது. விளையாட்டாக இருந்தவரை எளிதாக வந்த எழுத்து, மெய்யானதும் கனக்கிறது. இப்போது ஒன்று தோன்றிற்று: வண்டியிலிருந்து இறங்கியதும் வாடா என்று கூப்பிட்டால் புஷ்பவல்லிக்கு அது பழைய செல்லமாகக் கேட்கும், எழிலுக்கு வேறாகக் கேட்கும், ஒரே சொல்லில் இருவரையும் சமாளித்துவிடலாம். தோன்றிய கணத்திலேயே தன்மேல் ஓர் அருவருப்பு எழுந்தது. இவ்வளவு கற்றது இதற்குத்தானா?

அறிவிப்பு ஒலித்தது, காக்கைகள் கூரையிலிருந்து எழும்பின, வண்டி வந்து, நீளமாக முனகி, நின்றது. இரும்புச் சூடும் பழைய தூக்கத்தின் வாடையும் கதவுகளிலிருந்து இறங்கின. ஆட்கள் பைகளோடு இறங்க இறங்க அபயாம்பாள் எழுந்து நின்றாள், முழங்கால் நிமிர மறுத்தது. புஷ்பவல்லி தன் மகளைத் தேடி எட்டி எட்டிப் பார்த்தபடி அவள் தோளை ஒட்டியே நின்றாள். பின்பெட்டிகளின் பக்கமிருந்து கறுப்புப் பை ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. முடி ஒட்ட வெட்டியிருந்தது, தாடி பொங்கலுக்கு இருந்ததைவிட அடர்ந்திருந்தது. நடை மட்டும் பழையது, வலத்தோள் சற்று முன்னே, அப்படியே சட்டநாதனின் நடை. ‘வந்துட்டேன்மா.’ ‘வா’ என்றாள் அபயாம்பாள். மொட்டையாக. எழிலின் கண்கள் பக்கத்தில் நின்ற புஷ்பவல்லியைப் பார்த்தன, பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தன, அங்கிருந்து நகரவில்லை. ‘யாரு டீச்சர் இது?’ என்றாள் புஷ்பவல்லி. சொல் கிளம்பிற்று; அப்பாவின் குரலோடு, கேட்டின்மேல் வைத்த கண்ணாடியோடு, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். எதுவும் சொல்லாமல் இருந்துவிட முடிந்தால்! அப்படியே நின்றபடி தூங்கிவிட முடிந்தால்! அதற்குள் புஷ்பவல்லியே அந்த முகத்தை உற்றுப் பார்த்து, புருவத்தை, கன்னத்துக் குழியை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ‘ஐயோ, நம்ம எழிலா? அடையாளமே தெரியலையே! எப்படி மாறிட்டா டீச்சர்!’

‘மாறிட்டான்’ என்றாள் அபயாம்பாள்.

முடிவெடுத்துச் சொல்லவில்லை. துணிந்தும் சொல்லவில்லை. விகுதி பிசகிக் காதில் விழுந்தது, கல் கடிபட்டது, நாக்கு துப்பிற்று. சற்றுமுன் போச்சு என்றதைப் போனாங்க என்று திருத்தினதைப் போலவே. பிழை எது என்று நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து தெரியும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளிடம் அது சொல்லவே இல்லை. புஷ்பவல்லி பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி, ‘பாருங்க, மறுபடியும் திருத்த...’ என்று பாதியில் நின்றாள். சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. அந்த முகத்தையும் இந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். காற்று ஒரு கோப்பையை அவர்கள் காலுக்கிடையில் உருட்டிக்கொண்டு போயிற்று. ‘அப்ப... சாப்...’ என்று இழுத்தாள் புஷ்பவல்லி, இரண்டு விகுதிகளுக்கு நடுவில் மூச்சை நிறுத்தி, ‘சாப்பிட்டாச்சா?’ என்று முடித்தாள். அந்த ஒளியுமிடத்தை அபயாம்பாள் நன்கு அறிவாள். அங்கே பல நாள் குடியிருந்தவள். திருத்தவில்லை. ‘இன்னும் இல்லை ஆன்ட்டி’ என்று அவன் சொன்னான். ‘எம்பொண்ணு எந்தப் பெட்டியோ’ என்று புஷ்பவல்லி விலகிப் போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடியும் பார்த்தாள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவரவர் வாய்க்கு வந்த விகுதியைப் போட்டுக்கொள்வார்கள், ஒவ்வொரு வீடாகப் போய்த் திருத்திக்கொண்டிருக்க அவளால் ஆகாது.

மேம்பாலத்தின் அடியில் அவன் நின்று அவளுக்காகக் காத்தான். கன்னத்துக் குழி லேசாக விழுந்திருந்தது. ‘முடிவு பண்ணிட்டேன்னு போன்ல சொன்னது பொய்தானே?’ என்றான். ‘பொய்தான்’ என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இளவயதுக்காரர்களின் வேகத்தில் இரண்டிரண்டு படியாக ஏறத் தொடங்கினான். அவள் கைப்பிடியைப் பற்றி முதல் படியில் காலை வைத்தாள். முழங்காலில் சுருக்கென்று குத்திற்று. உள்ளுக்குள் நிம்மதி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை; தூக்கம் வந்தது, பசித்தது, வீட்டில் அவர் வாழைக்காயை நறுக்கிவைத்துக் கறுக்கவிட்டிருப்பாரோ என்று தோன்றிற்று. அவன் பாதிப் படிக்கு மேலே போய்விட்டான்.

‘மெதுவாப் போடா’ என்றாள். ‘கால் வலிக்குது.’